தொலைநகல் இயந்திரத்தின் பதவி நிலை

குறைகேட்பு வாரியத்தில் பதினொரு பெட்டிகள் வந்து இறங்கிய நாள் காலை வரை, அங்கே யாருக்கும் யார்மீதும் பொறாமை இருந்ததாக எழுத்துபூர்வமான ஆதாரம் எதுவும் இல்லை.

பழைய தொலைபேசிக் கம்பிகளை மாதக் கடைசியில் துண்டிக்கப் போவதாகவும், இனிமேல் பேச்செல்லாம் இணையம் வழியாகத்தான் என்றும் தொலைபேசி நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. புதிய தொலைபேசிகள் வாங்கலாம் என்றால் பழையவற்றைக் கழிக்க வேண்டும். ஒரு தொலைபேசியைக் கழிக்க ஒன்பது பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒன்பது பேரில் இருவர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒருவர் உயிரோடு இல்லை. ஆகவே பழைய கருவிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவற்றை இணையத்தோடு கோத்துவிடும் அடாப்டர்களை வாங்கலாம் என்று முடிவாயிற்று. சுற்றறிக்கையில் அதன் பெயர் 'இடைமாற்றுக் கருவி'. மற்ற எல்லோருக்கும் பெட்டி. சோப்பு டப்பா அளவு, கறுப்பு நிறம், முன்பக்கம் ஐந்து பச்சை விளக்குகள், பின்பக்கம் தொலைபேசி சொருக இரண்டு துளைகள்.

வாரியத்தில் இருபத்தொரு தொலைபேசிகள், ஒரு தொலைநகல் இயந்திரம். பெட்டிக்கு இரண்டு துளை, பதினொரு பெட்டி. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் ஃபேக்ஸ் அக்கா. மூன்று முறை பெருக்கிப் பார்த்து, அப்போதும் நம்பிக்கை வராமல் ஒவ்வொரு மேசையாகப் போய் எண்ணிவிட்டுத்தான் கொடுத்தாள். ஓய்வுபெறப் போகிறவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நடைவழிக் கோடியில் எட்டடி அறை ஒன்றில் தொலைநகல் இயந்திரமும் அவளும் பதினொரு வருடமாக இருந்தார்கள். கணவனும் மகளும் எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இன்னோர் ஊரில். அந்த ஊருக்கு மாறுதல் கேட்டு ஆறு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. கணக்குப்படி எல்லாருக்கும் போதும். மரியாதைப்படிதான் போதவில்லை.

"என் பேச்சும் இன்னொருத்தர் பேச்சும் ஒரே பெட்டிக்குள்ள பக்கத்துல பக்கத்துல கிடக்கிறது முறையில்ல" என்றார் ஆணையர். ஆணையருக்குத் தனிப் பெட்டி. ஆணையருக்கே தனிப் பெட்டி என்றால் தனக்கு மட்டும் பங்காளி எதற்கு என்று துணை ஆணையர் கேட்டார். இப்படியே ஏழு அதிகாரிகளுக்கு ஏழு பெட்டி போயிற்று. ஆணையர் அறையின் முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பதால் தட்டச்சுக்காரிக்கு ஒன்று. மிச்சம் மூன்று பெட்டிகளின் ஆறு துளைகளுக்கு, பழைய கம்பியிலிருந்து பிடுங்கப்பட்ட பதின்மூன்று தொலைபேசிகள் முட்டி மோதி, ஏழு ஊமையாயின. ஊமைத் தொலைபேசிக்காரர்கள் அவமானம் தாங்காமல், சத்தமே வராத ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தொலைநகல் இயந்திரத்தின் பெயரே பட்டியலில் வரவில்லை. பட்டியல் பதவிவாரியாகப் போடப்பட்டது. இயந்திரத்துக்குப் பதவி இல்லை. ஆகவே அதை யாரும் பிடுங்கவும் இல்லை, பழைய கம்பியிலேயே கிடந்தது.

பெட்டிகளைப் பொருத்த வந்த மனிதர் எதற்கும் எரிந்து விழுகிற ஆள். இடுப்பில் திருப்புளிகள் குலுங்க வேலையை முடித்துவிட்டு, வாசலில் நின்று மூன்று விஷயம் சொன்னார். "பெட்டியோட போன் ஓட்டையிலேருந்து செவுத்துல இருக்கிற பழைய சாக்கெட்டுக்குக் கம்பி இழுக்காதீங்க, பழைய லைன்ல இன்னும் கரண்ட் இருக்கு, பெட்டி செத்துரும். எல்லாரும் ஒரே நேரத்துல பேசாதீங்க, உங்க இணையம் நூலு மாதிரி இருக்கு, திணறிரும். ஃபேக்ஸ் போட்டா வேகத்தக் குறைச்சு வைங்க, தப்பு திருத்தற வசதிய அணைச்சிருங்க. பேச்சுல நடுவுல ரெண்டு சொல்லு விழுந்துட்டா மனுசன் சமாளிச்சுக்குவான். ஃபேக்ஸ் சமாளிக்காது, கோவிச்சுட்டு வச்சுரும்."

கேட்டுக்கொண்டிருந்தவள் ஃபேக்ஸ் அக்கா மட்டும்தான். மற்றவர்கள் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஃபேக்ஸ் அக்கா பொறாமைக்காரி அல்ல. இதை அவளே தனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் குடிதண்ணீர் முன்கூடத்தில், தட்டச்சுக்காரியின் மேசைக்கு எதிரே இருந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தாகம் அதிகமாகிவிட்டது. தட்டச்சுக்காரி வேலையில் அவளுக்கு மூன்று வருடம் இளையவள். மதியச் சாப்பாட்டை இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அவள் கைக்குட்டையால் பெட்டியைத் துடைப்பதும், துடைத்த பிறகு தலையைச் சாய்த்துப் பார்ப்பதும், ஃபேக்ஸ் அக்காவின் தொண்டையில் தண்ணீரை நிறுத்தின.

"என்னக்கா, தண்ணி குடிக்க வந்தீங்களா, பெட்டியப் பாக்க வந்தீங்களா?"

"உன் பெட்டிய எதுக்குடி நான் பாக்கணும்? எங்க வீட்ல டிவி இருக்கு."

"இல்ல, காலையிலேருந்து இது ஏழாவது டம்ளர். உடம்பு எப்படி ஆகும்னு கேட்டேன்."

"எண்ணிட்டா இருக்கே?"

"சும்மா இருக்கேன்ல."

அறைக்குத் திரும்பி வந்து தன் இயந்திரத்தைப் பார்த்தாள். அதிலும் ஒரு விளக்கு உண்டு, ஆரஞ்சு நிறம். காகிதம் தீர்ந்துபோனால் மட்டும் எரியும்.

பெரிய இடத்துச் சங்கடம் வேறு விதமாக ஆரம்பித்தது. பெட்டியின் ஐந்தாவது விளக்கு, இரண்டாம் துளையிலும் தொலைபேசி இருந்தால்தான் எரியும். துணை ஆணையர் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, ஓர் ஊமைத் தொலைபேசியைத் தூக்கிவரச் சொல்லித் தன் பெட்டியில் சொருகிக்கொண்டார். ஆணையருக்கு நான்கு விளக்கு, துணை ஆணையருக்கு ஐந்து. மறுநாளே அனைத்துப் பணியாளர் கூட்டம்.

"நம்ம வாரியத்துல பொறாமைக்கு இடமே கிடையாது" என்று ஆணையர் பேசினார். "சமத்துவம்னா என்ன? எனக்குக் கீழ இருக்கிற யாருக்கும் என்னைவிட ஒரு விளக்குகூட அதிகமா எரியாம இருக்கிறது. இந்தப் பெட்டி எதுக்குன்னு சில பேர் கேக்கறாங்க. மக்களோட குறையக் கேக்க. போன வருஷம் எத்தனை பேர் எனக்குக் கூப்பிட்டாங்க? தெரியாது. ஏன் தெரியாது? நான் எடுக்கல. ஆணையரே போன எடுத்துட்டா, பாவம், இவருக்கு வேற வேலை இல்ல போலன்னு ஜனங்க மனசு கஷ்டப்படும். அந்தக் கஷ்டத்த நாம குடுக்கக் கூடாது."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் அறைக்கு இரண்டாவது தொலைபேசி போயிற்று. ஐந்தாவது விளக்கு எரிகிறதா என்று பார்க்க, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவரே கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் அதையும் எடுக்கவில்லை. மறுநாளே சொத்துப் பதிவு அலுவலரைத் தவிர மற்ற அதிகாரிகளும் ஆளுக்கோர் ஊமைத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் சொத்துப் பதிவு அலுவலர் தன் பெட்டியை எரித்துவிட்டார். சுவரில் உள்ள சாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி இருக்க வேண்டும் என்று அவருடைய பதிவேடு சொன்னது. காலிச் சாக்கெட்டைக் கண்டால் தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே பெட்டியின் துளையிலிருந்து சுவருக்கு ஒரு கம்பியை இழுத்துச் சொருகினார். லேசாக ஒரு வாடை வந்தது. எல்லா விளக்குகளும் அணைந்தன.

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் அந்த மனிதர் தலைகுனிந்திருப்பார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னோடது ரகசியப் பிரிவு. விளக்கு எரிஞ்சா அப்புறம் என்ன ரகசியம்?"

அரை நாள் யோசனைக்குப் பிறகு துணை ஆணையர் தன் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். மற்ற அதிகாரிகள் குழம்பிப் போனார்கள். எரிவது உயர்வா, எரியாதது உயர்வா? முடிவு தெரியும்வரை எதற்கும் இருக்கட்டும் என்று நாள் முழுக்க ஒருவரையொருவர் கூப்பிட்டு விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பழைய கம்பி துண்டிக்கப்பட வேண்டிய செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஃபேக்ஸ் அக்காவின் இயந்திரம் கடைசியாக ஒரு தாளைத் துப்பியது. தலைமையகத்திலிருந்து வந்தது. அவள் கேட்ட ஊரில் இடம் காலி. ஏற்பதாக இருந்தால் ஆணையரின் ஒப்பத்தோடு, வாரியத்தின் சொந்த எண்ணிலிருந்து, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தொலைநகலில் பதில் வர வேண்டும். தபால் ஏற்கப்படாது. மின்னஞ்சல் கையெழுத்து ஆகாது. நேரில் வருவது சிபாரிசாகக் கருதப்படும். பதில் வராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்கு.

அடுத்தவர், தட்டச்சுக்காரி.

இயந்திரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று இன்னொரு முறை பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். பிறகு ஆணையரின் ஒப்பத்துக்கு ஓடினாள். ஆணையர் புதன்கிழமை மதியம் கையெழுத்துப் போட்டார். அதற்குள் பழைய கம்பி செத்துப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை ஒதுக்கீட்டுக் குழு முன் நின்றாள். துணை ஆணையர்தான் தலைவர்.

"மூணு நிமிஷத்துக்கு ஒரு ஓட்டை வேணும் சார்."

"நிரந்தரமாவா, தற்காலிகமாவா?"

"தற்காலிகமாத்தான்."

"தற்காலிகத்துக்கு விதியே இல்லயேம்மா. நிரந்தரமா கேளுங்க. அதை நிராகரிக்கவாவது வழி இருக்கு."

"கடைசித் தேதி நாளைக்கு சார்."

"உங்க மெஷின் என்ன கிரேடு?"

"பதினோரு வருஷமா இங்க இருக்கு சார்."

"சர்வீஸ் இருக்கு, பதவி இல்ல." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு ஃபேக்ஸுக்குக் குடுத்தா நாளைக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்து வாசல்ல நிக்கும். அப்புறம் மின்விசிறி. யாரு மேல, யாரு கீழன்னு எப்படிப் பாக்கறது? எனக்கு ஒருத்தரும் முக்கியமில்ல, வரிசைதான் முக்கியம். அந்த வரிசையில நான் ரெண்டாவது."

ஒரு மணி நேரம் விவாதித்துக் குழு ஒரு வழி கண்டது. காலித் துளை யாரிடம் இருக்கிறதோ அவர் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் குழுவுக்கும் ஆட்சேபணை இல்லை. அலுவலகம் முழுவதும் தேடியதில் காலித் துளை ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஃபேக்ஸ் அக்கா தண்ணீர் குடிக்கப் போகவில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒரு தாளில் எழுதி, அடித்து, திரும்ப எழுதினாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே தட்டச்சுக்காரியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"தெரியும்கா" என்றாள் தட்டச்சுக்காரி. "ஆணையர் ஒப்பம் போட்ட கடிதத்த அடிச்சதே நான்தானே."

"நீ குடுக்கலன்னா அந்த இடம் உனக்கு வரும்."

"அந்த வரிசைப் பட்டியலையும் நான்தான் அடிச்சேன்."

"அதனால குடுன்னு கேக்கவும் வாய் வரல."

"குடுக்கறேன். ஆனா நீங்க ஒண்ணு எழுதித் தரணும். போகும்போது உங்க இடத்துக்கு யாருன்னு சிபாரிசு எழுதுவீங்கல்ல? என் பேரப் போடுங்க."

"அந்த எட்டடி ரூமுக்கா? இந்தப் பெட்டிய விட்டுட்டா?"

"எட்டடியோ நாலடியோ, கதவு இருக்கில்ல? நான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எந்திரிச்சு நிக்கணும். யார் போனாலும் வணக்கம், யார் வந்தாலும் வணக்கம். நீங்க கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கீங்க. தலைமையகத்துலேருந்து வர்ற தாள் முதல்ல உங்க கைக்குத்தான் வருது. எட்டு வருஷமா அந்தக் கதவப் பாத்துக்கிட்டு இருக்கேன்கா. ராஜாத்தி மாதிரி."

ஃபேக்ஸ் அக்கா டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளினாள். "அப்போ அந்த ஊரு?"

"அங்க எனக்கு யாரு இருக்கா? நீங்க கேட்டீங்க, நானும் கேட்டேன். இவ்வளவு ஆசைப்பட்டுக் கேக்கறாங்களே, ஏதாவது இருக்கும்னு."

பக்கத்து வீட்டுச் சேலையைப் பார்த்து அதே நிறத்தில் எடுத்ததுபோல, தன் ஆறு வருட ஏக்கத்தை இவள் எடுத்து உடுத்தியிருக்கிறாள் என்று ஃபேக்ஸ் அக்காவுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணமே முதுகு நிமிர்ந்தது. தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு எட்டு வருடம் வயிறு எரிந்திருக்கிறது! மாறுதல் கடிதத்தில்கூட இவ்வளவு இனிப்பு இல்லை. சிபாரிசை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

ஆட்சேபணை இன்மைச் சான்று மூன்று மேசை ஏறி இறங்கி வந்தபோது மணி மூன்றேகால். தொலைநகல் இயந்திரத்தைக் கோப்பு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, தட்டச்சுக்காரியின் பெட்டியில் சொருகினார்கள். தாளை வைத்து எண்ணை அழுத்தினாள். இயந்திரம் கீச்சிட்டது, மறுமுனை கீச்சிட்டது, தாள் பாதி நகர்ந்தது, நின்றது. தோல்வி.

வேகத்தைக் குறைத்தாள். தப்பு திருத்தும் வசதியை அணைத்தாள். அணைந்ததா என்று சரிபார்த்தாள். மறுபடி போட்டாள். முக்கால் பக்கம் போய் நின்றது. மணி மூன்று முப்பத்தைந்து.

கட்டடம் முழுக்கத் தொலைபேசிகள் பேசிக்கொண்டிருந்தன. ஒருவர் விளக்கை மினுக்க இன்னொருவர் பேச, நூலிழை இணையத்தில் ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை.

"எல்லாரும் அஞ்சு நிமிஷம் வாய மூடினா போயிரும்" என்றாள் ஃபேக்ஸ் அக்கா. "யாருகிட்டன்னு போய்ச் சொல்றது? எனக்காக யாரு மூடுவா?"

"உங்களுக்காக மூட மாட்டாங்க" என்றாள் தட்டச்சுக்காரி. தன் தொலைபேசியை எடுத்துக் கணக்கு அலுவலரைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மூணே முக்கால்லேருந்து நாலு மணி வரைக்கும் மேலிடத்துல அளவெடுக்கறாங்களாம். யாரோட பெட்டி வழியா ஒரு சொல்லுகூடப் போகலயோ அவங்கதான் ரகசியப் பிரிவுல முதல் நிலையாம். உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

அடுத்த எட்டு நிமிடங்கள், வாரியம் தோன்றிய நாளிலிருந்து அங்கே நடந்த பேச்சையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்குத் தொலைபேசிகள் அலறின. ஒவ்வொருவரும் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னார்கள்.

மூன்றே முக்காலுக்கு எல்லாம் நின்றது. அதிகாரிகள் ரிசீவரைத் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே ஊமைத் தொலைபேசிக்காரர்கூட "சொல்லுங்க சார்" சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஆணையர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். கிசுகிசுப்பாகக் கேட்டார்: "ஏம்மா, போன் அடிச்சு, நாம எடுக்கலன்னா, அது பேசினதா ஆகுமா?"

"ஆகாது சார்."

"அப்படின்னா நான் ரொம்ப வருஷமாவே முதல்ல இருக்கேன்" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

தாள் நகர்ந்தது. ஒவ்வொரு வரியாக, வலிக்கிற பல்லைப் பிடுங்குவதுபோல நகர்ந்தது. தட்டச்சுக்காரி ஃபேக்ஸ் அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். யார் கை வியர்த்தது என்று தெரியவில்லை. மூன்று ஐம்பத்துமூன்றுக்குச் சீட்டு வந்தது: ஒரு பக்கம், சரி. ஃபேக்ஸ் அக்கா அதை மூன்று தரம் படித்தாள். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தலைமையகத்தின் ஏற்பும் வந்துவிட்டது: திங்கட்கிழமை அங்கே பணியில் சேரவும்.

"அக்கா" என்றாள் தட்டச்சுக்காரி. தாளின் சூடு இன்னும் ஆறவில்லை. "ரூம் சாவி?"

"திங்கட்கிழமை வரைக்கும் அது என் ரூம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைக்கா. நாளைக்கும் நாளன்னிக்கும் லீவு."

"தெரியும்."

சாவியைக் கொடுக்கும்போது விரல் ஒரு கணம் விடாமல் பிடித்தது. திங்கட்கிழமை இவள் போய் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். ஆறு வருடமாகக் கேட்டது கையில் வந்து நிற்கிறது. வயிறோ எட்டடி அறைக்காக எரிகிறது. இது நியாயமா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். நியாயமில்லை என்றுதான் பதில் வந்தது. எரிச்சல் போகவில்லை.

நான்கு அடித்ததும் இயந்திரத்தின் ரிசீவரை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டாள். கணவன் எடுத்தான். செய்தியைச் சொன்னாள். "நெசமாவா? நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகளிடம் கொடுத்தான். மகளுக்கு எட்டு வயது. அப்பாவோடு அந்த ஊருக்குப் போனபோது இரண்டு.

"கண்ணு, அம்மா வந்துடறேன்டா. இனிமே அங்கயேதான்."

மறுமுனையில் சத்தமில்லை. சொல் நடுவில் விழுந்துவிட்டதோ என்று அவள் மறுபடி சொல்லப் போனாள்.

"அங்கயேன்னா? ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான்."

"அப்பா பக்கத்துல நான்தான் படுப்பேன்."

"சரிடா, நீ நடுவுல படுத்துக்கோ, அம்மா இந்தப் பக்கம்..."

"நடுவுல இல்ல. அந்தப் பக்கம் செவுரு, இந்தப் பக்கம் நான். நீ கீழ படுத்துக்கோ."

"அடியே, நான் உங்கம்மாடி."

"நான் இங்க ஆறு வருஷமா இருக்கேன். நீ இப்பத்தானே வர்றே?"

ஃபேக்ஸ் அக்கா வாயைத் திறந்தாள். பதினொரு வருடத்துப் பணி விதிகள் வரிசையாக மனதில் ஓடின. ஓர் இடத்தின் மூப்பு அந்த இடத்தில் சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிடப்படும். சொந்த விருப்பத்தின்பேரில் மாறுதல் பெற்று வருபவர் அங்குள்ள பட்டியலில் கடைசியில்தான் சேர்க்கப்படுவார். எங்கே தேடியும் ஒரு விலக்கு கிடைக்கவில்லை.

"சரி" என்றாள். "கீழயே படுத்துக்கறேன்."